குளிர் கூடக் கூட தெர்மாமீட்டர் எண்ணும் ஏறுகிறது: பழைய வானிலைப் பதிவேட்டை எப்படிப் படிப்பது?

எழுத்தாணி கேட்டது:

காப்பகங்களில் கிடக்கும் கையெழுத்து வானிலைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, அவற்றைத் தட்டச்சு செய்ய ஆள் தேடும் தன்னார்வத் திட்டம் ஒன்றில் அண்மையில் சேர்ந்தேன். பழைய கையெழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. வானிலை பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

என் பங்குக்கு வந்திருப்பது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரஷ்யாவில் ஒருவர் எழுதிய பதிவேடு. தேதி, நேரம், பாரோமீட்டர் (காற்றழுத்தமானி), தெர்மாமீட்டர், காற்று, மழை என்று கோடு போட்ட பத்திகள். கடைசியில் லத்தீனில் ஒரு வரிக் குறிப்பு. கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறது. படித்துவிடுகிறேன், படித்தது என்ன என்றுதான் புரியவில்லை.

ஜூலையில் தெர்மாமீட்டர் 118, 121 காட்டுகிறது. அக்டோபரில் 140ஐத் தாண்டுகிறது. ஜனவரியில் 165, ஒரு காலையில் 172. அதே வரியின் குறிப்பில் கடும் உறைபனி என்று எழுதியிருக்கிறார். இது எந்த ஊர்க் கணக்கு?

பாரோமீட்டர் இன்னும் வேடிக்கை. ஒரு நாள் காலை 27.9, மதியம் 27.10, இரவு 27.11, மறுநாள் காலை 28.0. இறங்கி ஏறுகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா?

தேதிப் பத்தியில் 5/16, 6/17 என்று இரண்டு இரண்டாக எழுதியிருக்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

நானே செல்சியஸுக்கு மாற்றி எழுதிவிடலாமா? அதோடு, அடிப்படையாக ஒரு சந்தேகம். யாரோ ஒருவர் ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக் கிறுக்கி வைத்ததை இன்றைக்கு எந்த அளவுக்கு நம்ப முடியும்?

---

நங்கூரம் எழுதியது:

நல்ல பதிவேடு கிடைத்திருக்கிறது உங்களுக்கு, பொறாமையாக இருக்கிறது. நான் பல வருடமாகக் கப்பல் லாக் புத்தகங்களை, அதாவது கப்பலின் அன்றாடக் குறிப்பேடுகளை, தட்டச்சு செய்து வருகிறேன். அதில் வந்து போன வில்லங்கங்கள்தான் உங்களுக்கும் வந்திருக்கின்றன.

தெர்மாமீட்டர் விஷயம் எளிது. அது டெலில் அளவுகோல். ஜோசப்-நிக்கோலா டெலில் என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பேரரசர் பீட்டர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்கு அழைத்திருந்தார். அவர் 1732இல் செய்த தெர்மாமீட்டரில் தண்ணீர் கொதிக்கும் இடம்தான் பூஜ்ஜியம். பாதரசம் சுருங்கச் சுருங்க எண் கூடிக்கொண்டே போகும். 1738இல் வெய்ட்பிரெக்ட் என்பவர் அதைச் சீர்செய்து, உறைநிலையை 150 என்று நிறுத்தினார். ரஷ்யாவில் இந்த அளவுகோல் ஏறக்குறைய நூறு வருடம் புழக்கத்தில் இருந்தது. செல்சியஸ் வேண்டுமென்றால், எண்ணை மூன்றில் இரண்டாக்கி 100இலிருந்து கழியுங்கள். உங்கள் 118 என்பது 21 டிகிரி சொச்சம், 150 என்பது பூஜ்ஜியம், 165 என்பது மைனஸ் 10, 172 கிட்டத்தட்ட மைனஸ் 15. ரஷ்யாவின் ஜூலைக்கும் ஜனவரிக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறதா? அப்படியென்றால் உங்கள் ஆள் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். இது டெலிலின் தனி விபரீதம் என்று நினைக்க வேண்டாம். செல்சியஸே 1742இல் தன் அளவுகோலைக் கொதிநிலை 0, உறைநிலை 100 என்று தலைகீழாகத்தான் வைத்தார். அவர் போன பிறகுதான் திருப்பினார்கள்.

பாரோமீட்டரில் நீங்கள் பார்த்தது புள்ளி இல்லை. அதாவது தசமப் புள்ளி இல்லை. அங்குலத்தையும் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கான 'கோட்டையும்' பிரிக்கப் போட்ட புள்ளி அது. 27.9 என்றால் 27 அங்குலம் 9 கோடு. அடுத்து 10, 11, அப்புறம் 12க்குப் பதிலாக முழு அங்குலம், 28.0. ஆக அழுத்தம் நிதானமாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மொத்தப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், புள்ளிக்குப் பின்னால் 11க்கு மேல் எங்கேயும் வராது. வந்தால் என் கருத்து தப்பு.

இதில் இன்னொரு பொடி இருக்கிறது. எந்த நாட்டு அங்குலம்? பாரிஸ் அங்குலம் 27.07 மி.மீ., ஆங்கில அங்குலம் 25.4. பாரிஸ் கணக்கில் 28 அங்குலம் 3 கோடு என்பது சுமார் 765 மி.மீ., தெளிவான வானத்துக்கான அழுத்தம். அதையே ஒருவர் 28.3 ஆங்கில அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் 719 மி.மீ. வரும். அப்படியோர் அழுத்தம் வேண்டுமென்றால் தலைக்கு மேல் பெரும்புயல் நிற்க வேண்டும். பதிவேட்டில் எழுதியவர் 'தெளிந்த வானம்' என்று குறிப்பு போட்டிருப்பார், கணினியில் மட்டும் புயல் அடிக்கும்.

மாற்றி எழுதலாமா என்று கேட்டீர்கள். கூடவே கூடாது! இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே எழுதுங்கள். 27.10 என்றால் 27.10தான், அதை 27.1 ஆக்கினால் பூஜ்ஜியத்தோடு தகவலும் போய்விடும். (விரிதாளில் எழுதுகிறீர்கள் என்றால் அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள், இல்லாவிட்டால் மென்பொருளே அந்தப் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும்.) மாற்றுகிற வேலையைப் பின்னால் சூத்திரம் போட்டு ஒரே நொடியில் செய்யலாம், சூத்திரம் தவறென்றால் திரும்பச் செய்யலாம். நீங்கள் பாதியில் கையால் மாற்றிய எண்ணை யாராலும் பின்னோக்கி அவிழ்க்க முடியாது.

தேதி. 5/16 என்றால் ஜூலியன் நாட்காட்டியில் 5, கிரிகோரியனில் 16. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். ரஷ்யா 1918 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. இரண்டையும் எழுதி வைத்தவருக்குக் கோயிலே கட்டலாம். இங்கிலாந்துப் பதிவேடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அங்கே 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளே 14. அதற்கு முன் அவர்களுக்கு வருடமே மார்ச் 25இல்தான் பிறந்தது, அதனால் பிப்ரவரி மாதத்தை எந்த வருடத்தில் சேர்ப்பது என்பதே தனி வழக்கு. கப்பல் லாக்கில் இதற்கும் மேல் ஒன்று உண்டு: நாள் நண்பகலில் தொடங்கும். லாக்கில் 5ஆம் தேதி பிற்பகல் என்று இருந்தால், கரையில் இருப்பவனுக்கு அது 4ஆம் தேதி பிற்பகல். பிரிட்டிஷ் கடற்படை 1805இல்தான் இந்த வழக்கத்தை விட்டது. இது தெரியாமல் கோத்தால், ஒரே புயல் கரையில் ஒரு நாளும் கடலில் மறுநாளும் அடித்ததாக ஆகிவிடும்.

இனி நம்பகம். என் அனுபவத்தில், கருவியைவிட அது எங்கே தொங்கியது என்பதுதான் அதிகம் படுத்தும். 1723இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஜேம்ஸ் ஜூரின், பல நாட்டவரிடமும் வானிலைப் பதிவு கேட்டு ஓர் அழைப்பு விட்டார். அதில் தெர்மாமீட்டரை எங்கே மாட்டச் சொன்னார் தெரியுமா? வடக்குப் பார்த்த, நெருப்பு மூட்டாத அறைக்குள்! வெளியே அல்ல. அறைக்குள் தொங்கும் தெர்மாமீட்டர் வெளிக்குளிரைத் தாமதமாகத்தான் உணரும், உச்சங்களை மழுக்கிவிடும். வெளியே சுவரில் மாட்டியவர்களுக்கோ கோடை வெயிலின் எதிரொளிப்பு சேர்ந்துகொள்ளும். சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் கருவியை வைக்கும் முறையைத் தாமஸ் ஸ்டீவன்சன் கொண்டுவந்தது 1860களில்தான். அதனால் உங்கள் பதிவேட்டின் முன்பக்கங்களை, ஓரக் குறிப்புகளை, ஏன் அட்டையின் உள்பக்கத்தையும் விடாமல் படியுங்கள். 'தெர்மாமீட்டரை மேல்மாடிக்கு மாற்றினேன்' என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருந்தால், அது ஆயிரம் எண்களுக்குச் சமம்.

கருவியே ஏமாற்றிய கதையும் உண்டு. உங்கள் பதிவேட்டுக்கு அக்கம்பக்கம்தான். சைபீரியப் பயணத்தில் இருந்த க்மெலின் என்ற ஆய்வாளர், 1734-35 குளிர்காலத்தில் எனிசெய்ஸ்க்கில் பாதரசம் மைனஸ் 120 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதாகப் பதிந்தார். செல்சியஸில் மைனஸ் 84. அப்படியொரு குளிர் அங்கே அடிக்கவில்லை. பாதரசம் மைனஸ் 39 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும்; உறையும்போது சட்டென்று சுருங்கும். குழாயில் அவர் பார்த்தது அந்தச் சுருக்கம்தான். பாதரசம் உறையும் என்பதே 1759 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் பிரவுன் என்ற அறிஞர் செய்து காட்டிய பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். க்மெலின் பொய் எழுதவில்லை பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதினார். அதனால்தான் இன்று நம்மால் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறது. அவர் 'இது நம்பும்படி இல்லையே' என்று 40 என எழுதி வைத்திருந்தால்?

உங்கள் ஆளைச் சோதிக்க ஒரு சின்ன வழி. ஒரு வருட எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்து எத்தனை 0, எத்தனை 5, எத்தனை 7 என்று எண்ணுங்கள். எல்லாம் பரவலாக இருந்தால் ஒவ்வொரு வேளையும் குழாயருகே போய்ப் பார்த்திருக்கிறார். 0வும் 5வும் குவிந்திருந்தால் தோராயமாக எழுதியிருக்கிறார். அதுவும் உபயோகப்படும், பிழை வரம்பைக் கொஞ்சம் அகலமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

தாள்வாசி எழுதியது:

நங்கூரம் சொன்னதோடு இரண்டு வார்த்தை. காப்பகத்தில் தாள்களைக் கையாளும் வேலை என்னுடையது.

ஸ்கேனில் ஓர் எண் ஐயமாக இருந்தால், அது முன்பக்கத்து எண்ணா, பின்பக்கத்திலிருந்து ஊறி வந்த மையா என்று பாருங்கள். அந்தக் காலத்து இரும்பு மை அமிலத்தன்மை கொண்டது. தாளுக்குள் இறங்கி மறுபக்கம் பழுப்பாகத் தெரியும், முற்றினால் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். பின்பக்க எண் இடவலம் மாறித் தெரியும் என்பதுதான் அடையாளம். 1, 8, 0 மூன்றும் இடவலம் மாறினாலும் அப்படியேதான் இருக்கும், அங்கேதான் மோசம் போவோம். இன்னோர் இடம், இரண்டு பக்கங்களும் சேரும் தையல் மடிப்பு. அதற்குள் ஓர் இலக்கம் மறைந்திருக்கலாம். மூன்று இலக்கம் வர வேண்டிய பத்தியில் இரண்டே இருந்தால் ஊகித்து நிரப்பாமல் 'மடிப்பில் மறைந்தது' என்று குறித்துவிடுங்கள். திட்டக்காரர்கள் மூலத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், வானிலைப் பதிவு என்றால் பத்தி போட்ட பதிவேடு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கருவிகள் வருவதற்கு முன்பே, வானிலையைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் சுவா ஏரி உறைந்து பனிப்பாளம் பிளந்து மேடிடும் நாளை ஷின்டோ பூசாரிகள் 1443 முதல் குறித்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெய்வம் ஏரியைக் கடந்த தடம். நமக்கு அது குளிர்காலத்தின் அளவு. பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை 1354 முதல் கோத்திருக்கிறார்கள். வெயில் காய்ந்த வருடம் அறுவடை முந்தும். பின்லாந்தின் டோர்னியோ நகரில் ஆற்றுப் பனி உடையும் நாளை 1693இல் ஓலோஃப் ஆல்போம் என்ற வணிகர் எழுதத் தொடங்கினார். ரஷ்யப் படையெடுப்பில் அவர் ஊரைவிட்டு ஓட வேண்டி வந்ததால் நடுவில் சில ஆண்டுகள் காலி. ஓடுகிற மனிதனிடம் ஆற்றைப் பார்த்துவிட்டு ஓடு என்று சொல்லவா முடியும்!

இவற்றில் ஒரு வசதி என்னவென்றால், பனி உடைந்ததா இல்லையா என்பதற்கு அளவுகோல் தேவையில்லை, தெர்மாமீட்டர் எங்கே தொங்கியது என்ற சண்டையும் இல்லை. நாட்காட்டி மாறியதை மட்டும் கவனித்தால் போதும்.

---

மேகமூட்டம் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். செயற்கைக்கோள் காலத்தில் இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? பழைய வானிலையைக் கணினி மாதிரிகளே கணக்கிட்டுத் தருகின்றனவே. ஊர் பேர் தெரியாத ஒருவரின் 27.10 உள்ளே போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

---

நங்கூரம் எழுதியது:

மேகமூட்டம், நியாயமான கேள்வி. ஆனால் அந்த மாதிரிகளுக்குத் தீனி போடுவதே இந்த 27.10தான்.

பழைய வானிலையைக் கணக்கிட்டுத் தருகிறது என்று நீங்கள் சொல்வது மறுபகுப்பாய்வு. அதில் பெயர் பெற்ற 'இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வு' தன் பெயரையும் தாண்டி 1836 வரை பின்னோக்கிப் போகிறது. வளிமண்டலத்திலிருந்து அது உள்ளே எடுத்துக்கொள்ளும் அளவீடு ஒன்றே ஒன்று, தரைமட்டக் காற்றழுத்தம். கடல் வெப்பநிலையும் கடற்பனியும் பின்னணியாக வருகின்றன. மற்றதெல்லாம், மேலே வீசிய காற்று முதல் மழை வரை, இயற்பியல் சமன்பாடுகளிலிருந்து அது தானே வருவித்துக்கொள்வது. அழுத்தத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தெர்மாமீட்டர் மாதிரி பாரோமீட்டர் வெயிலுக்கும் நிழலுக்கும் ஆடாது. அறைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் காற்றின் அழுத்தம் ஒன்றுதான். திருத்தம் தேவைதான்: 30 டிகிரி வெப்பத்தில் பாதரசம் 760 மி.மீ. காட்டினால் அது விரிந்ததற்காகச் சுமார் 3.7 மி.மீ. கழிக்க வேண்டும். அதனால்தான் நல்ல பதிவேடுகளில் பாரோமீட்டருக்குப் பக்கத்திலேயே அதனோடு பொருத்திய ஒரு சிறு தெர்மாமீட்டருக்கும் பத்தி இருக்கும். எழுத்தாணி, உங்கள் பதிவேட்டில் தெர்மாமீட்டர் பத்தி இரண்டு இருந்தால் இதுதான் காரணம். ஒன்றைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஓர் உதாரணம். 1903 பிப்ரவரி 26-27இல் அயர்லாந்தையும் பிரிட்டனையும் ஒரு புயல் தாக்கியது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மாதிரியில் முதலில் அது நோஞ்சானாகத்தான் வந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் அந்த நாளுக்கு உள்ளே போன அளவீடுகள் குறைவு. கையெழுத்தில் கிடந்த பழைய அழுத்த அளவீடுகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, அவற்றைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் அதே புயல் தன் முழு உருவத்தோடு எழுந்து வந்தது. அந்தப் பகுதியில் இதுவரை வீசிய கடுமையான காற்றுகளில் ஒன்றை அது கொண்டுவந்திருக்கும் என்று இப்போது சொல்ல முடிகிறது. காற்றாலையோ பாலமோ கட்டுகிறவருக்கு இது வெறும் பழங்கதை இல்லை. எவ்வளவு மோசமாக அடிக்கும் என்பதற்குக் கையில் இருக்கும் ஆதாரம் இது.

கடலில் இன்னும் மோசம். செயற்கைக்கோளுக்கு முன் நடுக்கடலில் என்ன நடந்தது என்று சொல்லக் கப்பல்காரனைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஒரு லாக் பக்கத்தில் அதிகாலை நான்கு மணிக் காவலில் அழுத்த எண் நடுங்கிய கையால் எழுதப்பட்டிருக்கும், காற்றுப் பத்தியில் மை சிதறியிருக்கும், அடுத்த இரண்டு வேளை வெற்றிடம். பாய்மரத்தைக் காப்பாற்றப் போய்விட்டார்கள். அந்த ஒற்றை எண்தான் பல நூறு மைல் சுற்றளவுக்கு அன்றைய ஒரே அளவீடாக இருக்கலாம்.

---

எழுத்தாணி எழுதியது:

முழுப் பதிவேட்டையும் புரட்டிவிட்டேன். பாரோமீட்டரில் புள்ளிக்குப் பின்னால் 11க்கு மேல் ஒன்றுகூட இல்லை. கோடுதான். முன்பக்கத்தில் தெர்மாமீட்டர் வடக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பதாக லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. முதலில் அதைப் புத்தகத்தின் முகவுரை என்று தள்ளிவிட இருந்தேன்.

ஒன்று மட்டும் மிச்சம். மழைப் பத்தியில் சில நாட்களுக்கு எண், சில நாட்களுக்குச் சிறு கோடு, பல நாட்களுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாததைப் பூஜ்ஜியம் என்று போடலாமா?

---

தாள்வாசி எழுதியது:

போடாதீர்கள். பூஜ்ஜியம் என்றால் அளந்தார், மழை இல்லை. வெற்றிடம் என்றால் அளந்தாரா என்பதே தெரியாது. கோட்டைக் கோடாகவும் வெற்றிடத்தை வெற்றிடமாகவும் விட்டுவிடுங்கள்.

ஆனால் அவர் என்ன நினைத்து விட்டார் என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போட்டிருக்கிறாரா பாருங்கள். வெற்றிடங்களையும் தாண்டி மொத்தம் போட்டிருந்தால், அவற்றை அவர் மழையில்லா நாளாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்து, லத்தீன் குறிப்பில் மழை என்று எழுதி மழைப் பத்தியை வெற்றாக விட்ட நாள் ஏதாவது உண்டா? இருந்தால் அன்று மழைமானியைப் பார்க்கவில்லை. அப்படி இரண்டு மூன்று நாள் விட்டுப் பெரிய எண் ஒன்று வந்தால், அது அத்தனை நாள் மழையும் சேர்ந்தது. அதை ஒரே நாளில் கொட்டியதாக எடுத்துக்கொண்டால் வெள்ளமே வந்துவிடும்.

பிரிட்டனில் 2020 மார்ச்சில், எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, சுமார் 65,000 பழைய மழைத்தாள்களைத் தட்டச்சு செய்ய அழைப்பு விட்டார்கள். 16,000 பேர் வந்து, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களை 16 நாளில் முடித்துவிட்டார்கள். நாடு தழுவிய மழைக் கணக்கு 1836 வரை பின்னோக்கிப் போனது. அந்தத் தொடரில் மிக வறண்ட ஆண்டு 1855 என்பது அதில்தான் தெரிந்தது. அங்கேயும் ஒரே எண்ணைப் பலரிடம் தனித்தனியாகக் கொடுத்து ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் திட்டத்திலும் அப்படித்தான் இருக்கும். அதனால் நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் தீர்த்து வைக்க வேண்டியதில்லை, ஐயமான இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.